வேப்பமரத்துக் குழாயில் பெய்த மழை

இதைக் கணினியில் ஏற்றப் போகிறவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து மறுநாள் எனக்கே புரியாது. பிழைகளும் இருக்கும். எந்த இடத்தில் எந்த ‘ன’ வரும் என்பதை ஐந்தாம் வகுப்புக்கு மேல்தான் சொல்லித்தருவார்கள் போலிருக்கிறது, நான் அதோடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் எந்தக் கல்யாண வீட்டுக்கு எத்தனை டியூப் லைட் என்பது மட்டும்தான்.

பேசச் சொன்னதால்தான் எழுதுகிறேன். இளம்பிள்ளைகளுக்குச் சினிமா எடுக்கச் சொல்லித்தரும் சார் ஒருவர், அன்றைக்கு நடந்ததை அடுத்த முகாமில் வந்து சொல்லுங்கள் என்று கூப்பிட்டார். நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். ஆனால் இன்றுவரை மைக்கில் ஒரு ஹலோ சொன்னதில்லை. விரலால் தட்டிப் பார்ப்பேன், சத்தம் வந்தால் மேடையை விட்டு இறங்கிவிடுவேன். அதனால் பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். சார் அதை அடக்கம் என்று நினைத்துப் பாராட்டினார்.

என் கடை ராஜபாளையத்தில் இருக்கிறது. ஷட்டர் போட்ட ஒற்றை அறை. உள்ளே பாக்ஸும் ஒயரும் இருக்கும், நான் வெளியே ஸ்டூலில் இருப்பேன். மேற்கே மலையடிவாரத்தில் ஒரு ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு வருடா வருடம் என் செட்டுதான். அந்தப் பொங்கலில் எந்த செட்டு கேட்கிறதோ அதைத்தான் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சித்திரை, வைகாசிக் கல்யாணங்களுக்குப் பேசுவார்கள். பொங்கல் கைவிட்டுப் போனால் அந்த வருடமே போன மாதிரி.

இந்த வருடம் போகிற மாதிரிதான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் புதிதாகப் பெரிய பாக்ஸ்கள் இறக்கியிருந்தார். பேஸ் அடித்தால் நெஞ்சுக்கூடு அதிர்கிறது என்று ஊர் இளவட்டங்கள் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னார்கள். நெஞ்சுக்கூடு அதிர்வதில் என்ன சுகம் என்று நான் கேட்கவில்லை. என் செட்டில் அது அதிராது என்பது எனக்கே தெரியும்.

கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டு விட்டார். அவரை நான் அண்ணாச்சி என்பேன்.

“மாசியில சினிமா படிக்கிற பிள்ளைக நம்மூருக்கு வருதாக. கடைசி நாளு கோயில் முன்னாடி படம் போடுதாகளாம். சவுண்டு நீ வையி. ஊரு கேக்கட்டும். பொறவு பொங்கலுக்கு யாருன்னு பேசிக்கிடுவோம்” என்றார்.

அதாவது பரீட்சை. ஐந்தாம் வகுப்போடு தப்பித்தேன் என்று நினைத்திருந்தேன்.

முகாம் தொடங்கியதும் கரண்ட் எங்கே எடுப்பது என்று பார்க்கப் போனேன். தோப்புக்குள் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கோ உடம்பு சரியில்லை, பிரார்த்தனை செய்கிறார்கள் என்று நினைத்து நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். சார் ஜாடை காட்டி என்னையும் உட்கார வைத்தார். மெட்ராஸிலிருந்து வந்தவர், மெதுவாகப் பேசுகிறவர். கேமராக்களை ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். முதலில் காது, பிறகு கண், அதற்குப் பிறகுதான் கேமரா என்பது அவருடைய முறை. பிள்ளைகள் தங்கள் காதில் விழுந்த சத்தங்களை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் முறை வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். உண்மை. காலையில் சீக்கிரம் கிளம்பியதால் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். சார் பிள்ளைகளைப் பார்த்து, “கவனிச்சீங்களா? எதுவுமே கேட்காத ஒரு நிலை” என்றார். இரண்டு பேர் அதை எழுதிக்கொண்டார்கள்.

மதியத்துக்கு மேல் ஊரோடு பழகுவது. ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் என்று பிரித்துவிட்டிருந்தார்கள். மக்காச்சோள அறுவடை முடிந்து, தார் ரோட்டில் ஊர்க்கோடி வரைக்கும் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. பழகுவது எப்படி என்று பிள்ளைகள் தயங்கினார்கள். ஊர்க்காரர்கள் தயங்கவில்லை. காலால் சோளத்தைக் கிண்டிவிடச் சொன்னார்கள், மூட்டை பிடிக்கச் சொன்னார்கள், தார்ப்பாயின் நான்கு மூலையிலும் கல் வைக்கச் சொன்னார்கள். நாலு நாளில் பிள்ளைகள் கறுத்துப் போனார்கள். சினிமா படிக்கிறதுக்கு இம்புட்டு வேலை இருக்கும்னு தெரியாமப் போச்சே, அடுத்த வருசம் நடுகைக்கே வரச் சொல்லணும் என்று ஒரு ஆச்சி என்னிடம் சொன்னார்.

பிறகு கேமராவை வெளியே எடுத்து, ஊரையும் ஊர்க்காரர்களையும் வைத்தே படம் பிடித்தார்கள். அதில் சத்தம் பதிவு செய்யும் வேலை ஒரு பெண்ணுக்கு. சொந்த ஊர் கூமாப்பட்டி, கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறது. ரோமம் வைத்த உறை போட்ட மைக் ஒன்றை முயல்குட்டியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு திரியும். மற்ற பிள்ளைகள் எடுத்தது திரையில் தெரியும், இது எடுத்தது தெரியாது. அதனால் அந்தப் பெண்ணிடம் எனக்குக் கொஞ்சம் ஒட்டுதல். பனங்காட்டில் நாள் தவறாமல் காலையில் உட்கார்ந்து ஓலைச் சத்தத்தைப் பிடித்தது. எதற்கு என்று வீட்டிலிருந்து போனில் கேட்டார்களாம், சொல்லத் தெரியவில்லையாம்.

படம் போடுகிற அன்று நான் இரண்டு பாக்ஸ் மட்டும் இறக்கினேன். அண்ணாச்சி பார்த்துவிட்டு, வேப்பமரத்தில் குழாய் எங்கே என்றார். குழாய் ஸ்பீக்கர் கட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. குழாய் கட்டாமல் எதுவும் நடக்கக் கூடாது என்று ஊரில் இருக்கிறது. நாலு குழாயை மரத்தில் ஏற்றினேன்.

சார் வந்து குழாயைப் பார்த்துப் பதறிப்போனார். இது அமைதியான படம், பாதிக்கும் கீழே வையுங்கள், மக்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும் என்றார். சரி சார் என்றேன். அண்ணாச்சி வந்து, ஊர்க்கோடி வரைக்கும் கேட்கணும் என்றார். சரி அண்ணாச்சி என்றேன். எனக்கு வருகிற பதில் அது ஒன்றுதான். கடைசியாக அந்தப் பெண் வந்தது.

“அண்ணே, ஓலைச் சத்தம் வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் தூக்கி விடுவீகளா? இதுல நான் செஞ்சது அது ஒண்ணுதான்.”

அதற்கும் சரி என்றேன்.

இருட்டியதும் ஊரே வந்து உட்கார்ந்துவிட்டது. தாங்கள் நடித்த படம் அல்லவா, பெண்கள் தலைநிறையப் பூ வைத்திருந்தார்கள். ரோட்டில் காய்ந்த சோளத்தை அன்று யாரும் குவித்து மூடவில்லை. படம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். மலை உச்சியில் மட்டும் கொஞ்சம் மேகம் நின்றது. மழை வரலாம் என்று டிவியில் சொன்னதாகவும் ஒரு பேச்சு இருந்தது.

படம் ஓட ஆரம்பித்தது. திரையில் மலை. வெகு நேரம் மலை. ஒரு பாட்டு இல்லை, ஒரு பேச்சு இல்லை. எங்கோ ஒரு குருவி ஒரு தடவை கத்தியது. கூட்டம் நெளிய ஆரம்பித்தது.

“ஏலே, சவுண்டு வரலைலே.”

“ஒயரு புடுங்கிருக்கும்.”

“ஸ்ரீவில்லிபுத்தூர் செட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

இதைச் சொன்னது பின்வரிசையில் ஒரு இளவட்டம். அண்ணாச்சி முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயரில் எல்லா லைட்டும் எரிந்தது, ஒயர் எல்லாம் சரியாக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக ஒரு செட்டு ஓடியதில்லை. திரையில் மலை மாறி ஒரு வாய்க்கால் வந்தது. அண்ணாச்சி எழுந்தே வந்துவிட்டார்.

“செட்டு அவுட்டா?”

“இல்லண்ணாச்சி. படமே இப்படித்தான்.”

“படம் அப்படித்தான்னா, நீ எதுக்குடா?”

இதற்குப் பதில் யோசித்துக்கொண்டே வால்யூம் திருகைக் கடைசி வரைக்கும் திருகினேன். குழாய் ஸ்விட்சையும் போட்டேன். சார் தூரத்திலிருந்து வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். அப்போதுதான் படத்தில் பனங்காடு வந்தது.

பனங்காட்டில் காற்று அடிக்கும்போது கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தம் நாலு குழாயில், தலைக்கு மேலே வேப்பமரத்திலிருந்து இறங்கியது. மலைப்பக்கமிருந்து சடசடவென்று நெருங்கி வந்தது. முன்வரிசையில் ஒரு அக்கா முதலில் வானத்தைப் பார்த்தது.

“ஏட்டி, மழை. சோளம் கெடக்கு.”

அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்ததை நான் பார்க்கவில்லை, ஓடியதைத்தான் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார், அவருடையது ரோட்டில் பெரிய விரிப்பு. திரைக்கு முன்னால் சாரும் ஒரு நாயும் மிச்சம். ஒரு நொடி பிள்ளைகள் விழித்தார்கள், பிறகு அவர்களும் ஓடிவிட்டார்கள். எந்த வீட்டுத் தார்ப்பாய் எங்கே இருக்கும், எந்த மூலைக்கு எந்தக் கல் என்று அவர்களுக்கு இப்போது தெரியும். ஓலைச் சத்தத்தைப் பிடித்த பெண்ணே முதல் ஆளாகப் போய் ஒரு தார்ப்பாயின் முனையை இழுத்துக்கொண்டிருந்தது. அது ஓலைதான் என்று ஊரிலேயே அந்தப் பெண்ணுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிறகு கேட்டேன். எல்லாரும் ஓடும்போது எப்படிண்ணே நிக்கிறது என்றது.

நான் சத்தத்தைக் குறைத்திருக்கலாம். குறைத்தால், மழை என் பெட்டியிலிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். குறைக்காவிட்டால் செத்த நேரம் கழித்துத் தெரியும். நான் செத்த நேரம் கழித்து என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

திரையில் காட்சி மாறியது. மழை கத்தரித்த மாதிரி நின்றது. அடுத்தது டீக்கடை. கண்ணாடி கிளாஸில் கரண்டி கலக்கும் சத்தம் ஊர்க்கோடி வரைக்கும் கேட்டது. தார்ப்பாயும் கையுமாக நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே நட்சத்திரம். ஒருவர் தன் வழுக்கைத் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு எல்லாரும் ஒரே திசையில் திரும்பினார்கள், என் திசையில்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்த அந்த அக்காதான் கேட்டது.

“யாருலே மழைய வச்சது?”

நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒயரைச் சரிசெய்வது போல உட்கார்ந்துவிட்டேன். சரிசெய்ய எதுவும் இல்லை. சார் ஏதோ விளக்க வாயைத் திறந்தார், அவருடைய மெதுவான குரல் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்தான் முன்னால் வந்து, அது மழையில்ல, பனையோலை, நான்தான் புடிச்சேன் என்றது. யாரும் நம்பவில்லை. மழையைப் பிடித்துவிட்டு ஓலை என்கிறது என்றார்கள். திரும்பப் போடு, பார்ப்போம் என்றார்கள்.

திரும்பப் போட்டேன், பாதிச் சத்தத்தில். இந்தத் தடவை ஊர் மூச்சுவிடாமல் கேட்டது. அழுத கைக்குழந்தையின் வாயை ஒரு அம்மா பொத்தினாள். சார் அத்தனை நாளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். ஆனால் இவர்கள் திருட்டைக் கண்டுபிடிக்கிற மாதிரி கேட்டார்கள். ஓலைதான் என்று முடிவானதும், யார் பனை என்று அண்ணன் தம்பி இருவருக்குள் வாய்த்தகராறு வந்தது. பங்கு பிரிக்காத வரப்பில் நிற்கிற மரமாம். மிச்சப் படத்தை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை.

படம் முடிந்து சார் பேசினார். ஒரு ஒலி ஒரு சமூகத்தையே எழுந்து நடக்க வைத்ததை நான் இதுவரை பார்த்ததில்லை என்றார். நடக்கவில்லை, ஓடினார்கள். இப்போது அவர் அதைத் திட்டமிட்டுச் செய்த பரிசோதனை என்று மற்ற ஊர்களில் சொல்வதாகக் கேள்வி. நான் மறுக்கவில்லை. என்னை ஒலி வடிவமைப்பாளர் என்றும் சொல்கிறாராம்.

எனக்கு அன்றைக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. பொங்கல் போய்விட்டது என்று ஒயரைச் சுற்றினேன். வீட்டில் சொன்னதற்கு, வீட்டுக்காரி முதலில் சிரித்தாள், அப்புறம் சித்திரை, வைகாசிக்கு என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டாள்.

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி கூப்பிட்டார். கோயிலில் கமிட்டி முழுவதும் உட்கார்ந்திருந்தது. ஊரை ஏமாற்றியவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று ஒருவர் ஆரம்பித்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார்.

“அன்னைக்கு நீ எதுலப்பா போன? வண்டியிலயா? நானும் ஓடத்தான் செஞ்சேன். எனக்கு வயசு எழுவது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் செட்டுக்கு நாலு பயக ஆடுவான். என்னைய ஓட வைக்க முடியுமா அவனால?”

எல்லாரும் ஓடியவர்கள்தான். வெற்றிலை பாக்கு வைத்து என் கையில் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, பொங்கல் முடிகிற வரைக்கும் மழை மட்டும் வைக்கக் கூடாது. சரி அண்ணாச்சி என்றேன்.

பொங்கலுக்கு வேப்பமரத்தில் எட்டுக் குழாய் கேட்டார்கள், கட்டினேன். மலையடிவாரம் வரைக்கும் ஒரு குருவிச் சத்தம் கேட்டிருக்காது. கிருஷ்ணன்கோவில் பெண் தோழிகளோடு முயல்குட்டி மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. திருவிழாவைப் பதிவு செய்யப் போகிறேன் என்று என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது, காதைப் பொத்திக்கொண்டு நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது. கடைசியில் கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து கேட்டா ரொம்ப நல்லாருக்குண்ணே என்று வந்து சொன்னது. குறை சொல்கிறதா பாராட்டுகிறதா என்று தெரியவில்லை. சித்திரைக்கு இரண்டு கல்யாணம், வைகாசிக்கு மூன்று பேசியிருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டில், பெண் அழைப்பு நேரத்தில் அந்த மழையை வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஓலைச் சத்தம் பிடித்த பெண்ணிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். இன்றைக்கு வேலை இல்லாததால் உட்கார்ந்து எழுதினேன், சித்திரை ஐந்து, சனிக்கிழமை.