சாட்சிக் கையெழுத்து

கத்தோலிக்கத் திருமணத்துக்குப் பதியப் போனால் முதலில் கேட்பது ஞானஸ்நான அத்தாட்சியைத்தான். அதுவும் ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய பிரதியாக இருக்க வேண்டும். நான் ஜெர்மனியில், டோர்ட்மண்டில் பிறந்தவள். என்னுடையது இரண்டே நாளில் தபாலில் வந்துவிட்டது. என்னை மணக்கவிருந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஏழு வயதில் இங்கே வந்தவர். அவருடைய ஊர்ப் பங்குக் கோயிலிலிருந்து ஒரு மாதம் கழித்து நாலு வரிக் கடிதம் வந்தது. அந்த வருடங்களின் பதிவேடுகள் போரில் அழிந்துவிட்டன, மன்னிக்கவும்.

ஹம் நகரில் எங்களுக்குத் திருமணம் செய்துவைக்க இருந்த பங்குத்தந்தை ஜெர்மன்காரர், அவசரப்படாத மனிதர். கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, "பிரச்சினை இல்லை. ஞானஸ்நானத்தை நேரில் பார்த்த ஒருவர் சத்தியம் செய்து கையெழுத்திட்டால் போதும். அம்மா இருக்கிறார்தானே?" என்றார்.

அன்று மாலையே என்னை மணக்கவிருந்தவரின் அம்மாவிடம் போனோம். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். படிவத்தை மேசையில் வைத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னால ஏலாது."

"ஏன் அம்மா?" என்று கேட்டார் அவர்.

"நான் பாக்கேல்லை."

அவர் சிரித்தார், அம்மா பகிடி விடுகிறார் என்று நினைத்து. இங்கே முதல் நற்கருணை எடுத்தபோது, ஞானஸ்நானம் ஆனது என்ற அம்மாவின் வார்த்தையை நம்பித்தானே சேர்த்துக்கொண்டார்கள்?

"நடந்தது உண்மை. ஆனா நான் அங்கை நிக்கேல்லை. உன்ரை மாமிதான் நிண்டவ. அவவைக் கேள்."

தகப்பனுடைய தங்கை ஸ்டுட்கார்டில் இருந்தார். அந்த மாமியோடு அவருடைய அம்மா பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். காரணம் மகனான அவருக்கே தெரியாது. நினைவு தெரிந்து மாமியை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார், தகப்பனின் இறுதிச் சடங்கில், கூட்டத்தின் கடைசியில்.

நான் செய்தது நல்ல காரியமல்ல. மகன் தேநீர் போட எழுந்து போன நேரம் பார்த்து அம்மாவிடம், "நடந்தது உண்மையெண்டா நீங்களே கையெழுத்து வைக்கலாம்தானே? ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டேன்.

"பாக்காததைப் பாத்தனான் எண்டு எப்பிடிப் பிள்ளை எழுதுறது?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கு முகம் சுட்டது.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை ஸ்டுட்கார்டுக்கு ரயில் ஏறினோம். வழியில், அம்மாவிடம் நான் கேட்டதை அவரிடம் சொன்னேன். "எனக்கும் அந்த யோசனை வந்தது. நீர் கேட்டிட்டீர், நான் கேக்கேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். முந்தின மாதம் திருமணத் தயாரிப்பு வகுப்பில் முழுநாள் உட்கார்ந்திருந்தோம். எப்படிச் சண்டை போடுவது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வட்டமாக நாற்காலி போட்டுப் பேசினோம். அங்கே நாங்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவு உண்மையாகப் பேசவில்லை.

மாமி நாலாம் மாடியில் இருந்தார். கதவைத் திறந்ததும் அவரைப் பார்த்து, "அண்ணையின்ரை கண்" என்றார். எங்களை உட்காரவைத்துவிட்டு, நாங்கள் கேட்கும் முன்பே தொடங்கினார்.

இடப்பெயர்வு நேரம். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் பத்துக் குடும்பங்கள். தகப்பன் அதற்கு முன்பே ஜெர்மனிக்கு வந்துவிட்டார். குழந்தைக்கு மூன்று மாதம். காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. தாய் மருந்து தேடி ஓடியிருந்தார்.

"உடம்பு விறைச்சுப் போச்சு. கண் மேலை செருகிட்டுது. பக்கத்திலை ஞானஸ்நானம் குடுக்க ஒரு சுவாமியும் இல்லை. அவசரமெண்டா ஆரும் குடுக்கலாம்தானே. நான் செம்பிலை இருந்த தண்ணியை எடுத்துத் தலையிலை ஊத்தி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி எண்டு சொன்னனான். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அவ மருந்துப் போத்தலோட வந்தவ; பிள்ளையின்ரை நனைஞ்ச தலையைத்தான் கண்டவ."

"என்ன சொன்னவ?"

"இனி என்ரை பிள்ளையைத் தொடாதேங்கோ எண்டா. நான் தொடேல்லை."

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "நான் செத்துப்போவன் எண்டு நினைச்சீங்களோ, மாமி?"

மாமி சுற்றி வளைக்கவில்லை. "ஓம். அப்பிடித்தான் நினைச்சனான்."

அன்று பிற்பகலே மாமியுடைய பங்குப் பணிமனைக்குப் போனோம். அங்கிருந்த குருவின் முன்னால் மாமி பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்து, படிவத்தில் தமிழில் கையெழுத்திட்டார். ரயில் நிலையத்தில் விடைபெறும்போதுதான் மாமி தன் அண்ணன் மகனைத் தொட்டார்; கன்னத்தை ஒரு விரலால்.

அடுத்த நாள் அவருடைய அம்மா குசினியில் சமையலுக்கு லீக்ஸ் தண்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னவ?"

"நான் சாகப்போறன் எண்டுதான் நினைச்சவவாம்."

கத்தி நின்றது. "நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார் அம்மா. "மருந்துக்கு ஓடேக்க எனக்குத் தெரியும், வரேக்க பிள்ளை இராது எண்டு. நான் மனசுக்குள்ள பூட்டி வச்சிருந்ததை அவ தண்ணி ஊத்திக் காட்டிப்போட்டா. அதை என்னாலை தாங்க ஏலாமப் போச்சு."

பிறகு மீண்டும் வெட்டத் தொடங்கினார். லீக்ஸ் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "எத்தினையாம் மாடியிலை இருக்கிறா? லிஃப்ட் இருக்கோ?" என்று கேட்டார். நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை என்றேன். "அவவுக்கு அப்பவே முழங்கால் வருத்தம். கலியாணத்துக்கு வரச் சொல்லி எழுதுங்கோ."

திருமணப் படிவம் நிரப்பும் நாளில் பங்குத்தந்தை எங்களைத் தனித்தனியே கூப்பிட்டுக் கேள்விகள் கேட்டார். சுதந்திரமாக வருகிறீர்களா, வாழ்நாள் முழுவதற்குமா, மற்றவருக்குச் சொல்லாமல் முக்கியமானது ஏதும் வைத்திருக்கிறீர்களா. மூன்றாவதற்கு உடனே 'இல்லை' என்றேன். சொன்ன பிறகு பயம் வந்தது. அவருடைய அம்மா, ஒரு நல்ல மனுஷி, முப்பது வருடம், தனக்கே சொல்லாமல் ஒன்றை வைத்திருந்திருக்கிறார். "இப்போது எனக்குத் தெரிந்தவரை இல்லை" என்று திருத்தினேன். பங்குத்தந்தை நிமிர்ந்து பார்த்தார். "அதற்குமேல் யாராலும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு என் பதிலை எழுதிக்கொண்டார்.

மாமி திருமணத்துக்கு வந்தார். இரண்டாவது வரிசையில், மணமகனின் அம்மாவுக்கு நேர் பின்னால் இருந்தார். பூசையில் சமாதானம் பகிரும் நேரம் அம்மா திரும்பி எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்து மாமிக்கும் கொடுத்தார். கட்டிப்பிடிக்கவில்லை, அழவுமில்லை. ஆனால் மாமியின் கையை விடுவதற்கு மட்டும், மற்றவர்களுக்கு எடுத்ததைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்தது. பீடத்தின் முன் நின்றபடி நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். மணமகள் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.