கௌரிக்கு இரண்டு தாவு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாவதோடு நின்றவள், மறதியும் ஜாஸ்தி. முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. என் மகள் கவிதா, சங்கராபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டே ஒரு சென்னைக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறாள். கல்வராயன்மலைப் பிள்ளைகள் தங்கும் விடுதிக்குப் பேர்ப்பட்டியல். இன்று சாயங்காலம் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம், சென்னைக்கே போய்விடுவாள். ஓடாவிட்டால் வேலை போச்சு, என்னோடு இருப்பாள். எதற்கு வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் அடுப்படிக்கும் அவள் மேசைக்கும் நடந்தபடி இருந்தேன்.

எட்டிப் பார்த்தால் திரையெல்லாம் à®•à¯†à®³à®°à®¿ என்று ஏதோ ஊர்கிறது.

“இன்னாடி இது, எறும்புப் புத்தாட்டம்?”

“தமிழ்தாம்மா. இந்த எடிட்டரு வேற கணக்குல தொறந்துக்கினு உயிர வாங்குது.”

எடிட்டர் என்றால் புரோகிராம் எழுதுகிற பலகை மாதிரி. அதிலும் பல தினுசாம். ஒன்றை மூடி இன்னொன்றைத் திறந்தாள். எழுத்தை எந்தக் கணக்கில் படிக்கிறது என்று அது கீழ்மூலையில் காட்டியது. “யூடிஎஃப் எட்டு” என்றாள். எனக்கு எட்டவில்லை. ஒரு தட்டு தட்டினாள். பேர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்தன.

அந்த எறும்பைப் பார்த்ததும், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டைப்பிங் கடையின் சூடான மை வாசனை மூக்கில் ஏறிவிட்டது. அங்கே கூட்டிப் பெருக்கப் போன என்னைக் கடைக்கார அக்கா கல்யாணப் பத்திரிகை அடிக்க உட்கார வைத்தாள். நாங்கள் ‘தமிழ்’ என்று அடித்தது உளுந்தூர்பேட்டை அச்சகத்தில் jkpo; என்று திறக்கும். ஃபாண்டு என்கிற எங்கள் எழுத்தையும் சேர்த்துப் பிளாப்பியில் போட்டு அனுப்ப வேண்டும். மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கின ஒருத்தர், அச்சகத்தில் தன் மகள் பத்திரிகையை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டுப் பதறிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்.

“எம் பொண்ணு பேரு ஒடஞ்சிக் கெடக்குதே, கண்ணாலம் நிக்குமா?”

அக்கா சிரிக்காமல் சொன்னாள்: “பொண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க. எழுத்த ஏத்தல, அவ்ளோதான்.”

மத்தியானம் கவிதா தலையைப் பிடித்துக்கொண்டாள். கௌரி என்று ஒரு பெண். பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறாள், இவள் பேரை அடித்துத் தேடினால் புரோகிராமோ அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்கிறது. மூன்றாவதாக ஒரு எடிட்டரைத் திறந்து, பேரின் மேல் அம்புக்குறியை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினாள்.

“கௌ-ல ஒரு தாவுதான் தாவணும்மா. இங்க ரெண்டு தாவுது. ள-வத் தனியா அடிச்சி வச்சிகிறா. எவ அவ?”

“நாங்கல்லாம் அப்டித்தான்டி அடிச்சோம். கொம்பு, க, பக்கத்துல ள. கண்ணுக்கு ஒண்ணுதானே?”

“கண்ணுக்குத்தாம்மா!” என்று சிரித்தவள், இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லிப் புரோகிராமில் எழுதினாள்.

சாயங்காலம் ஓடிவிட்டது. அவள் குதித்தாள். நானும் சிரித்துவிட்டு, சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் உள்ளே போனேன்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணி விற்கிறார்கள். பிளாப்பி செருக எந்தக் கம்ப்யூட்டரிலும் சந்து இல்லை. எழுத்து இப்போதெல்லாம் எந்த ஊருக்கும் உடையாமல் போய்ச் சேருகிறதாம். கவிதா பெட்டி அடுக்குகிறாள்.

கொம்புக்கு அப்புறம் க-வா, க-வுக்கு அப்புறம் கொம்பா என்று இப்போது குழம்புகிறது. அந்தக் காலத்தில் அடித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.