இடது பக்கக் கைப்பிடி

மகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், பெங்களூருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் இரண்டு இரவு தங்கிவரலாம் என்று என் கணவர் சொன்னார். அறை பார்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எங்களோடு அண்ணியும் வருவதாக இருந்ததால் அது எனக்குச் சாதாரண வேலையாகத் தோன்றவில்லை.

அண்ணி என்பது என் கணவரின் அக்கா. இன்னும் ஐம்பதைத் தொடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்ததும் படிக்கவைத்ததும் அவர்தான். எங்கள் தங்கச் சுரங்க ஊரான கேஜிஎஃப்பில், கோரமண்டல் ஸ்டேஷனில் இருட்டோடு ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் தைக்கப் போய்வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு தேறியது. நாலு கால் வைத்த ஊன்றுகோலை இடது கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார்; வெளியே என்றால் சக்கர நாற்காலி. வலது கை தேறவில்லை.

அன்றிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது நான்.

வேலைக்குப் போன காலத்தில், நாங்கள் எழுந்திருக்கும்போது அண்ணி குளித்து, தலை பின்னி, புடவைக்குப் பின் குத்திக்கொண்டு கிளம்பியிருப்பார். கல்யாணமாகி வந்து ஐந்து வருடத்தில் அவரை ஈரத் தலையோடுகூட நான் பார்த்தது கிடையாது. இப்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றுகிறேன். எங்கள் குளியலறை பின்பக்கம் பிறகு சேர்த்துக் கட்டிய சின்ன அறை. ஸ்டூலும் அவரும் நானும் உள்ளே இருந்தால் கதவைச் சாத்த முடியாது. அண்ணி கண்ணை மூடிக்கொள்வார். சோப்பு எரியுது என்பார். சோப்பை நான் கையில் எடுப்பதற்கு முன்பே மூடிக்கொள்வார்.

ஒருமுறை தலை துவட்டும்போது, "ஒரு நாளாவது தாப்பா போட்டுக்கினு தனியா குளிக்கணும்மா" என்றார். என்னிடம் கேட்டது போல் இல்லை. மழை வந்தால் தேவலை என்பது போலச் சொன்னார்.

அதை மனதில் வைத்துத்தான் அறை தேடினேன். நான் பி.எட். படித்தவள். எதையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் செய்வேன். படி உண்டா, சக்கர நாற்காலி குளியலறைக் கதவுக்குள் நுழையுமா, உட்கார்ந்து குளிக்க வசதி உண்டா, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். முதலில் கூப்பிட்ட இடத்தில், "கிரவுண்ட் ஃப்ளோர்தான் மேடம், நாலே படி" என்றார்கள். இரண்டாவது இடத்தில் எல்லா வசதியும் இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஆள் இறங்கிக் குளிக்கும் தொட்டியைப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

"இன்னா, ரூம் போடுறியா, ஆபரேசன் தியேட்டர் போடுறியா" என்று கணவர் கேலி செய்தார். உள்ளே எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. எங்கள் லைன் வீடுகளில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நாத்தனாரைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறாள் என்பார்கள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் யாராவது அப்படிச் சொன்னால், குடம் நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பேன்.

மூன்றாவதாகக் கூப்பிட்டது பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டலை. கன்னடத்தில் ஆரம்பித்த பெண் என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள்.

"கேஜிஎஃப்பா மேடம் நீங்க? எங்க சின்னம்மா அங்க ஸ்கெலட்டன் லைன்லதான் இருக்காங்க. லீவுன்னா அங்கதான் வருவோம்."

என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்தே சொன்னாள். பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்த மாதிரி ரூம் எங்ககிட்ட ரெண்டு இருக்கு மேடம். சுவத்துல சீட்டு இருக்கும், பக்கத்துல கைப்பிடி. ஒரு ரூம்ல அது வலது பக்கம், இன்னொண்ணுல இடது பக்கம். வீட்ல அவங்களுக்கு எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க? பழகின பக்கமா குடுத்தா யார் உதவியும் இல்லாம குளிச்சிடுவாங்க."

எங்கள் வீட்டில் கைப்பிடி கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் சொன்னார், குளியலறையில் ஒரு கைப்பிடி போட்டுவிடுங்கள் என்று. அதையும் நோட்டில் எழுதினேன். வீடு கம்பெனி வீடு, மாமனார் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது கொடுத்தது, இன்னும் எங்கள் பேருக்கு வரவில்லை, சுவரில் கை வைக்கக் கூடாது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். முன் அறைச் சுவரில் நாலு போல்ட் அடித்துப் பெரிய டிவியை மாட்டியபோது யாருக்கும் அந்த நினைவு வரவில்லை.

அதற்குள் அந்தப் பெண்ணே, "கம்பெனி வீட்ல பாத்ரூம் ரொம்ப சின்னதா இருக்குமே மேடம்" என்றாள். அவளுக்கு அந்த வீடுகள் தெரியும். அதுதான் என்னை உறுத்தியிருக்க வேண்டும்.

"நாங்க மாத்திக் கட்டிட்டோம்" என்றேன்.

"ஓ, நல்லது மேடம். எந்தப் பக்கம்?"

கண்ணை மூடி, உட்கார்ந்த இடத்திலிருந்து எதையோ பிடித்து எழுந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன். "வலது பக்கம்" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். கட்டில் எவ்வளவு உயரம், தரை வழுக்குமா என்று கேட்டேன். வாசலிலிருந்து அறை எவ்வளவு தூரம் என்று கேட்டேன். எதையும் மூன்று தரம் சரிபார்க்கிற நான் அந்த ஒரு பதிலை மட்டும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. பொய் சொன்ன இடத்துக்கு மறுபடி போக மனம் வரவில்லை.

சனிக்கிழமை வாடகைக் காரில் போனோம். அண்ணி தன் சோப்பு டப்பாவையும் துண்டையும் தனிப் பையில் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் என் பக்கம் சாய்ந்து, "உள்ள தாப்பா கீதான்னு கேட்டியா?" என்றார்.

"இருக்கு அண்ணி. வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது."

"மாட்டிக்கினா?"

"போன் ஒண்ணு உள்ளயே இருக்காம்."

"குளிக்கிற எடத்துல போனா" என்று சிரித்தார். அதற்குப் பிறகு பூங்கா வரும்வரை மகளோடு வண்டிகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

அறை படத்தில் பார்த்தது போலவே இருந்தது. கணவர் மகளைத் தண்ணீர் விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணி பையோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அந்த ஒரு நிமிடம் நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. உள்ளே ஊன்றுகோல் தரையில் இடம் மாறி இடம் மாறித் தட்டியது. பிறகு தாழ்ப்பாள் திறந்தது.

"வாமா" என்றார்.

சீட்டில் புடவையோடு உட்கார்ந்திருந்தார். கைப்பிடி அவருடைய வலது தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி அதைப் பிடித்துக் காட்டினார். பிடிக்க முடிந்தது, அதை வைத்து எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு திரும்பிச் சரிந்தது. நான் ஓடிப் போய்த் தாங்கினேன். இரண்டு வருடம் தினமும் அந்த வலது கையைத் தூக்கிச் சோப்பு போட்டவள் நான். போனில் கேட்டபோது நினைத்துப் பார்த்தது என் கையை.

"நான் ஊத்தட்டுமா அண்ணி?"

"வேணாம். வேற ரூம் கீதான்னு கேளு."

அண்ணியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போனேன். அவரை அறையில் விட்டுவிட்டு நான் மட்டும் போகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. மேசையில் இருந்தது அதே பெண். குரலை வைத்தே தெரிந்துகொண்டேன். அவளும் தெரிந்துகொண்டாள்.

"அச்சோ மேடம், வலது பக்கம்னு நீங்கதான சொன்னீங்க? வீட்ல அப்படித்தான இருக்கு? மாத்திக் கட்டினோம்னு சொன்னீங்களே."

அண்ணி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் மேசை மேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க வூட்ல கம்பியே கெடயாதுமா" என்றார் அண்ணி. "இல்லாத கம்பிக்கு வலது இன்னா, இடது இன்னா. எனுக்கு இந்தக் கைதான் வேல செய்யிது. இந்தப் பக்கம் கம்பி வச்ச ரூம் குடு."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் நூல் நிறம் மாற்றிக் கேட்பது போல இருந்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அந்த நல்ல குணத்தை என்னால் தாங்க முடியவில்லை. மற்ற அறையில் ஆள் இருக்கிறார்கள், நாளை மதியம்தான் காலியாகும் என்றாள்.

"நாளைக்கே குளிச்சிக்கிறேன்" என்றார் அண்ணி.

திரும்பி வரும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எதற்கு என்று ஆரம்பிப்பது? பொய்க்கா, பக்கம் தவறியதற்கா, இரண்டு வருடத்துக்கா? "அண்ணி" என்று மட்டும் சொன்னேன்.

"மெதுவா தள்ளு, இறக்கம் வருது" என்றார்.

அன்று இரவும் மறுநாள் காலையும் அவர் என்னைக் குளிப்பாட்ட விடவில்லை. முகம் கழுவிக்கொண்டு, மகள் ராட்டினம் சுற்றுவதை நிழலில் உட்கார்ந்து பார்த்தார். நான் கணவரிடம் எதுவும் சொல்லவில்லை. அறையில் ஏதோ வசதிக் குறைவு, மாற்றித் தருகிறார்கள் என்றேன்.

ஞாயிறு மதியம் அறை மாறியது. அண்ணி உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது, தண்ணீர் விழுந்தது, வெகுநேரம் விழுந்துகொண்டே இருந்தது. கணவர் தண்ணீர் விளையாட்டிலிருந்து திரும்பியிருந்தார். "தட்டிப் பாரேன்" என்றார். கதவருகே போய்க் கையை ஓங்கிவிட்டு நின்றேன்.

உள்ளேயிருந்து, "இன்னாத்துக்கு நிக்கிறீங்க ரெண்டு பேரும்? கதவடியில நெழலு தெரியிது. போங்க அந்தாண்ட" என்று குரல் வந்தது.

போனோம். வெளியே வந்தபோது தலையில் துண்டு கோணலாகச் சுற்றியிருந்தது. நைட்டியின் பொத்தானை இடது கையால் மாற்றிப் போட்டிருந்தார். சரிசெய்ய என் கை தானாக எழுந்தது. அதை இறக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் நாங்கள் எழுவதற்குள் குளித்து முடித்திருந்தார். இட்லி சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.

"எத்தினி மணிக்குக் காலி பண்ணணும்?" என்று கேட்டார்.

"பதினோரு மணிக்கு அண்ணி."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப இன்னொரு தபா குளிச்சிக்கிறேன்."

கணவர் சிரித்தார். "காலையிலதான குளிச்ச? இன்னாக்கா, இங்கயே இருந்துடுறியா?"

"இருந்துடுவேன், பில்லு நீ கட்டுவியா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

கணவரும் மகளும் சாமான்களைக் காருக்கு எடுத்துப் போனார்கள். நான் வெறும் அறையில் உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன். வீட்டில் இது கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. எதிர்பார்த்திருந்தால் இரண்டாம் முறை குளிக்க மாட்டார். வீட்டிலும் ஒன்று போட்டுவிடலாம் அண்ணி என்று சொல்ல நினைத்தேன். அவர் வெளியே வந்ததும் சொல்லவில்லை. அகப்பட்ட பிறகு சொல்வது போல இருக்கும் என்று பட்டது. அகப்பட்டுத்தான் இருந்தேன்.

காரில் அண்ணி கண்ணயர்ந்த பிறகு கணவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன், டாக்டர் சொன்னதிலிருந்து போனில் சொன்னதுவரை. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும்ல" என்றார்.

புதன்கிழமை கைப்பிடி பொருத்த ஆள் வந்தார். எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் டிரில் வைத்ததும் சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. அங்கே கொஞ்சம் கொத்திச் சிமெண்ட் அடைத்துக் கைப்பிடியைப் பொருத்தினார். கதவு சாத்தும்படி ஸ்டூலுக்குப் பதிலாகச் சுவரில் மடக்கும் பலகை ஒன்றையும் மாட்டினார். டீ குடித்த நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். யாரும் வந்து வீடு யார் பேரில் இருக்கிறது என்று கேட்கவில்லை.

"ரெண்டு நாளைக்கு யாரும் பிடிச்சி இழுக்காதீங்க. காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் வியாழக்கிழமை காலையில் பழைய ஸ்டூலைப் போட்டு நானே குளிப்பாட்டினேன். கதவு திறந்திருந்தது. அண்ணி உட்கார்ந்தார். சொம்பை எடுத்ததும் எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை நாளில் ஒருநாளும் எனக்கு அந்தக் குழப்பம் வந்ததில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினேன். தண்ணீர் அவர் காதுக்குள் போய்விட்டது.

அண்ணி தலையைச் சாய்த்துக் காதைத் தட்டினார். அன்றைக்குக் கண்ணை மூடியிருக்கவில்லை.

"எங்கயோ பாத்துக்கினு ஊத்துற" என்றார். "இன்னும் ரெண்டு நாள்தான. பாத்தே ஊத்து."