கல்யாணப் பந்தியில் ஒரு வேலைநிறுத்தம்

சம்பள உயர்வு, போனஸ் என்று எதையாவது கேட்டு வேலைநிறுத்தம் செய்திருந்தால் வெளியே சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். நாங்கள் கேட்டது கக்கூஸ். டவுன் பஸ்ஸில் யாராவது, "ஏனுங்க, எதுக்குங்க ஸ்ட்ரைக்கு?" என்று விசாரித்தால் முதலில் இருமுவேன். பிறகு, "அடிப்படை உரிமைக்காகங்க" என்பேன். கேட்டவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார். உண்மையைச் சொன்னாலும் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். காரணம் வேறாக இருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூர்ப் பக்கம் தண்ணீர் மோட்டார் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் நான் ஃபிட்டர். மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றுகிற வைண்டிங் வேலை முழுக்கப் பெண்கள் கையில் இருந்தது. ஆண்களுக்குப் பின்சுவர் போதும். அந்தச் சுவருக்கு எங்கள் மேல் என்ன அபிப்பிராயமோ தெரியாது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். வேலைக்கு நடுவில் வருகிற டீயை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். பொம்பளையாட்களுக்கு டீ பிடிக்காது போலிருக்கிறது என்று எண்ணி, பல வருஷம் இரண்டு டீ குடித்துக்கொண்டிருந்தவன் நான். அவ்வளவு கூர்மையான ஆள்.

வைண்டிங்கில் மூத்தவர் ஓர் அக்கா. ஒரு நாள் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்ததும் நேராகச் சங்கக் கூட்டத்துக்கு வந்தார்.

"நெறையாத் தண்ணி குடிக்கோணும், இல்லீன்னா சிறுநீரகம் போயிருமுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. தண்ணி குடிச்சா நானு இங்க வேலை செய்ய முடியாது. குடிக்காட்டி உசுரோட இருக்க முடியாது. ரெண்டுல எதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க, நானு அப்படியே நடந்துக்கறேன்."

கோரிக்கையை அங்கேயே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். எனக்கு நேரடியாகத் தெரியாது. நான் அப்போது எதிர்க்கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தேன். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்துக்கு வராதவனைத்தான் பொறுப்புக்குத் தேர்ந்தெடுப்பார்கள், அவனால் மறுப்புச் சொல்ல முடியாதல்லவா. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது நான் செயலாளர் ஆகியிருந்தேன்.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எழுத எளிதாக இருக்கும். தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், மோட்டார் கம்பெனி வைத்தவர். எங்களை 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். கோரிக்கையைக் கேட்டுவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"எடம் வேணுமில்லீங்க கண்ணு? காலியாக் கெடக்கறது ஈசானி மூலை. வடகிழக்குல போயி அதக் கட்டினா கம்பெனி வெளங்குமா? இன்னொரு மூலைல கார் கொட்டாய் இருக்குது. காரை நானு தலைலயா வெச்சுக்கறது?"

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். எங்கள் சம்பள உயர்வுக்கு அவர் சொன்ன அடுத்த வருஷமும் பல வருஷமாக வந்துகொண்டேதான் இருந்தது. ஆகவே ஒரு திங்கட்கிழமை வெளியே வந்து கம்பெனி கேட்டருகே உட்கார்ந்தோம்.

கோஷம் போடுவதில்தான் சிக்கல். வேறு ஊர்ச் சங்கத் தலைவர் ஒருவர் வந்து, முஷ்டியை உயர்த்தி, ரத்தம் கொதிக்கக் கத்தச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நாங்களும் கொதித்தோம். ஆனால் முதலாளி கார் கேட்டுக்குள் நுழையும்போது, "ஒழிக" என்று ஆரம்பித்த வாய்கள் எல்லாம், அவர் கண்ணாடியை இறக்கி, "சாப்டாச்சுங்களா கண்ணு?" என்றதும், "ஆச்சுங்க, நீங்க?" என்றுதான் முடிந்தன. ஆனாலும் ஒருவரும் உள்ளே போகவில்லை. ஒரு மோட்டாரும் வெளியே வரவில்லை. "சங்கத்து உத்தரவு இல்லாமல் ஒரு திருகாணிகூட இந்தக் கேட்டைத் தாண்டாது" என்று நான் மார்தட்டிப் பேசியது அந்த வட்டாரத்தில் கொஞ்சம் பிரபலம்.

இப்படி இருக்கும்போது முதலாளி வீட்டில் கல்யாணம் வந்துவிட்டது. மகளுக்கு. ஸ்ட்ரைக்கில் இருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் முதலாளியும் முதலாளியம்மாவும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு நேரில் வந்து அழைத்தார்கள். என் வீட்டுக்கு வந்தபோது நான் இடுப்புத் துண்டோடு, கண்ணாடி முன்னால் முஷ்டி உயர்த்திப் பழகிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க தலைவரே, ஊட்டுல இருக்கீங்களா? ஏன் கையத் தூக்கிட்டு நிக்கறீங்க, சுளுக்குங்களா?"

"ஆமாங்க" என்றேன். முதலாளியம்மா உண்மையாகவே வருத்தப்பட்டு ஒரு தைலம் சொன்னார். அந்தக் கையாலேயே வெற்றிலையையும் வாங்கிக்கொண்டேன். வெற்றிலை வாங்கியாயிற்று என்றால் போகாமல் இருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் பகையாளி வீட்டுக் கல்யாணத்துக்கே போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துதான் பகையைத் தொடர்வார்கள்.

கேட்டருகே அவசரக் கூட்டம் போட்டோம். போகலாமா, கூடாதா? அக்காதான் முடித்துவைத்தார்.

"கூப்புட்டா போகோணுமுங்க. சண்டை கேட்டுக்கிட்ட, கல்யாணம் மண்டபத்துல. போலாம், வாழ்த்தலாம், சாப்படலாம். ஆனா ஒரு வேலையும் தொடக் கூடாது. பந்தியில பரிமாறக்கூட எந்திரிக்கக் கூடாது. நாம இன்னும் ஸ்ட்ரைக்குல இருக்கறோம்."

இது லேசான விஷயம் அல்ல. கல்யாண வீட்டில் ஒரு வாளியைத் தூக்காமல், இலை போடாமல் சும்மா உட்கார்ந்து தின்றுவிட்டு வருவது எங்கள் ஆட்களுக்குப் பட்டினி கிடப்பதை விடக் கஷ்டம். எனக்கு மட்டும் அதில் பெரிய கஷ்டம் தெரியவில்லை. கேட்டைக் காவல் காக்க மோல்டிங் பிரிவு அண்ணன் ஒருவரை விட்டுவிட்டு எல்லோரும் கிளம்பினோம். சாப்பாட்டை இழந்த அந்த அண்ணன் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

மண்டபம் ஊருக்கு வெளியே, சோளக்காட்டுக்கு நடுவில். சோளம் அறுத்து முடித்து, மறைவுக்கு ஒரு சோளத்தட்டைகூட இல்லாத வெட்டவெளி. ஒறம்பரை ஜனம், சொந்தபந்தம் எல்லாம், முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே வந்து நிறைந்திருந்தது. தாலி கட்டி முடிந்ததும் பந்தி. இலையில் பாயசம் வந்து நான் அதைக் கையால் வழித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு வாசம் வந்தது.

மற்றவர்களுக்கு அது சமையல்கட்டில் எதுவோ தீய்கிற வாசம். எங்களுக்கு அது கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகுகிற வாசம். வரிசையாக உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களின் தலை எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. மண்டபத்து மோட்டார் புகைந்துவிட்டது. நான் என்னை அறியாமல் எழுந்து, பாயசக் கையோடு மோட்டார் அறையை நோக்கி நடக்கவே ஆரம்பித்திருந்தேன்.

"செயலாளரே!" என்று எதிர்ப் பந்தியிலிருந்து அக்காவின் குரல். "எங்கீங்க போறீங்க?"

"கை கழுவங்க."

"கை கழுவத்தான் தண்ணி இல்லாமப் போச்சே. உக்காருங்க."

உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் எழுந்திருந்த அத்தனை ஃபிட்டர்களும் உட்கார்ந்தார்கள்.

மேல்தொட்டி வறண்டுவிட்டது. சமையலுக்கு அண்டாக்களில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. கக்கூஸ்களுக்கு ஒரு சொட்டு இல்லை. கொஞ்ச நேரத்தில் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. பட்டுப் புடவைகள் வரிசையாகப் போய், கதவைத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தன. ஆண்களில் சிலர் தைரியமாகக் காட்டுப் பக்கம் கிளம்பினார்கள். பெண்களுக்கு எங்கே போவது? கல்யாணப் பெண் அம்மாவின் காதில் எதையோ சொல்லிவிட்டு, மாலையும் கழுத்துமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

முதலாளி என்னிடம் ஓடி வந்தார். "கண்ணு, கம்பெனில புது மோட்டார் ரெடியா இருக்குதல்ல, எடுத்து வந்து மாட்டிப்போடலாமுங்க. எந்திரிங்க கண்ணு."

நான் அக்காவைப் பார்த்தேன். முதலாளியும் அக்காவைப் பார்த்தார். அதற்குள் முதலாளியம்மாவே அக்காவிடம் வந்து நின்றார்.

"அம்மணி, என்ற புள்ள தவிக்கறா. காலைலிருந்து அடக்கிட்டிருக்கறாளாமா. கொஞ்சம் மனசு வெய்யுங்க."

அக்கா இலையிலிருந்து எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "பாப்பாவுக்கு அரை நாளுங்கம்மா. எங்களுக்குத் தெனமும் இதேதானுங்க. நானு ஆஸ்பத்திரில கெடந்தது எதனாலன்னு நெனச்சீங்க?"

முதலாளியம்மா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலைப் பார்த்து நான் இலையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இந்த அம்மணிக்குக் காச்சல்னுதான சொன்னீங்க?"

"அது வந்து..."

"கார் கொட்டாயப் பிரிச்சுப்போடுங்க. அங்க கட்டுங்க."

"காரை எங்க நிறுத்தறது?"

"ரோட்டுல நிறுத்துங்க. மழைல நனைஞ்சா அதுக்கென்ன நீர்க்கடுப்பா வரப்போகுது?"

முதலாளி சரி என்று தலையை ஆட்டினார். அக்காவுக்கு அது போதவில்லை. "மைக்குல சொல்லச் சொல்லுங்கம்மா. ஒறம்பரைக்கு முன்னால சொன்னா மாத்த முடியாது."

அவர் மேடை ஏறினார். பாவம், வியர்த்துக்கொட்டியது. மைக்கைப் பிடித்து, தாய்மாமன்களையும் சம்பந்தி வீட்டாரையும் வரவேற்றுவிட்டு, "நம்ம கம்பெனிப் பொம்பளையாளுங்களுக்கு, நாளைக்கே கடக்கால் தோண்டி, தண்ணி வசதியோட, கக்கூசு ரெண்டு..." என்று சொல்லி, ரெண்டு என்பதற்கு இரண்டு விரலை உயர்த்தி ஆட்டினார்.

மேடையில் பெரியவர் யாராவது விரலை உயர்த்தி ஆட்டினால் மேளக்காரர்களுக்கு அர்த்தம் ஒன்றுதான். பிளந்துகட்டிவிட்டார்கள். கெட்டிமேளம்! தவிலும் நாதஸ்வரமும் மண்டபம் அதிர முழங்க, எதற்கென்றே தெரியாமல் ஒரு பாட்டம் அட்சதை பறந்து வந்து முதலாளி தலையில் விழுந்தது. அடக்கிக்கொண்டிருந்த கல்யாணப் பெண், "அப்பா, சிரிக்க வெக்காதீங்க!" என்று அலறியது.

அப்புறம் என்ன, முதலாளியை என் மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கம்பெனிக்குப் பறந்தேன். மோட்டாரை ஏற்றிவர ஒரு டெம்போ பின்னால் வந்தது. கேட்டுக்குக் குறுக்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார் மோல்டிங் அண்ணன்.

"மோட்டார் ஒண்ணு எடுக்கோணுமுங்கண்ணா, தொறங்க."

"சங்கத்து உத்தரவு இல்லாம ஒரு திருகாணி தாண்டாதுன்னு செயலாளர் சொல்லிப்போட்டாருங்களே."

"நான்தானுங்களே அந்தச் செயலாளர்!"

"அதுதானுங்க சந்தேகம். முதலாளிகூட ஒரே வண்டீல வாறீங்க. வாயில வேற பாயசம் ஒட்டீருக்குது."

என் சத்தியம் ஒன்றும் செல்லுபடியாகவில்லை. கடைசியில் பட்டு வேட்டியோடு முதலாளி இறங்கி நின்று, கார் கொட்டாய், கடக்கால், தண்ணி வசதி, ரெண்டு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். இம்முறை விரலைக் காட்டவில்லை. அண்ணன் நிதானமாகக் கேட்டுவிட்டு, "பந்தி முடிஞ்சிருச்சுங்களா?" என்றார். அவரையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டோம். புது மோட்டாரை மாட்டித் தண்ணீர் ஏறியபோது பெண்கள் பக்கமிருந்து கிளம்பிய ஆரவாரம் போலத் தாலி கட்டும்போதுகூடக் கேட்கவில்லை.

மறுநாளே கார் கொட்டகையைப் பிரித்தார்கள். கட்டி முடித்து, வெள்ளையடித்து, வாசலில் மாவிலையும் கட்டியாயிற்று. திறப்பு விழாவில் உரையாற்ற வேண்டும் என்று, உழைக்கும் பெண்களின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கும் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். கேசரி இருந்தது, எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் தொண்டையைச் செருமி, "தோழர்களே" என்றேன்.

அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே கடகடவென்று குடித்தார். சொம்பை என் கையில் கொடுத்தார். நேராக உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

பெண்கள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் விடவில்லை. சொம்பும் கையுமாக, மூடிய கதவைப் பார்த்து முழுப் பேச்சையும் பேசினேன். ஆதியைத் தாண்டி ஆலைகள் வருகிற இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்க நிறுத்தியபோது உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது:

"ஏனுங்க செயலாளரே, அவசரமில்லீங்க, நீங்க மெதுவாப் பேசுங்க. இங்க நல்லா சௌகரியமா இருக்குதுங்க."