இதற்குக் கீழே கூடாது என்று கேட்ட எங்கள் அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் ஷூ கம்பெனித் தோழிகளுக்கும் என் வணக்கம். இதை நான் எழுதுவதில் அக்காவின் கணவரான மாமாவுக்குக் கொஞ்சம் பயம். "நீ எழுதுனா யாரையாவது திட்டி வெச்சிடுவம்மா" என்றார். உண்மைதான், எனக்கு வாய் நீளம். ஆனால் அக்காவை நினைத்து உட்கார்ந்தால் திட்டு வரவில்லை, நன்றிதான் வருகிறது.

அக்கா பிறந்தது ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய மலைச் சிற்றூரில். அப்பாவுக்குக் கொஞ்சம் மேட்டு நிலமும் நான்கு புளியமரமும் இருந்தன. எங்கள் ஊரில் சாமை அறுப்பு என்றால் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வரும். வேகமான கைக்காரர்கள் தம் பங்கை முடித்துவிட்டுச் சும்மா உட்கார மாட்டார்கள். திரும்பி வந்து பின்தங்கியவர் பங்கில் அரிவாள் வைப்பார்கள். சாயங்காலம் எல்லோருக்கும் ஒரே அளவு சாமை. அறுப்பில் அக்கா எப்போதும் முதல் ஆள், நான் எப்போதும் கடைசி. கடைசி ஆளுக்கும் முறம் நிறையத்தான் கிடைத்தது.

இரண்டு வருடம் மழை ஏமாற்றிய பிறகு இருவரும் மலையை விட்டு இறங்கினோம். கண்ணமங்கலத்தில் ஓர் அறை, விடிந்ததும் கம்பெனி பஸ். ஷூவின் மேல்தோலைத் தைக்கும் லைனில் வேலை. நாளைக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் உண்டு, முடிக்காதவருக்குக் கூலியில் பிடித்தம். முதல் வாரமே என் கை பின்தங்கியது. அக்கா சாமைக் காட்டில் செய்ததையே இங்கும் செய்தார். தம் டார்கெட் முடிந்ததும், மேற்கொண்டு தைத்த ஜோடிகளை என் தட்டில் வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த பிள்ளைத்தாய்ச்சியின் தட்டிலும் வைத்தார்.

ஒரே மாதத்தில் லைனில் எல்லோரும் டார்கெட்டை முடித்தோம். அடடா, என்ன சந்தோஷம்! அடுத்த மாதம் சூப்பர்வைசர் வந்தார். "எல்லாருமே முடிக்கிறீங்க. அப்போ டார்கெட்டு கம்மியா கீது" என்று சொல்லி ஏற்றிவிட்டுப் போனார். மலையிலிருந்து வந்தவள்தான் இப்படி மாட்டிக்கொள்வாள்.

லைனில் ஒரு தோழி அழுதுகொண்டே, "உன்ன யாரு குடுக்கச் சொன்னது? இப்போ எங்க எல்லார் இடுப்பும் ஒடியுது" என்று அக்காவைக் கேட்டார். நான் அவரோடு மல்லுக்கு நின்றேன். அக்கா என்னைப் பிடித்து இழுத்தார். "அவ சொல்றது நெசம்டி. நம்மூர்ல அளக்குற ஆளு நம்ம ஆளு. இங்க அளக்குறவன் வேற. நாம நல்லவளா இருந்தா மட்டும் பத்தாது. இதுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு கவர்மென்ட்டு சொல்லணும்" என்றார்.

சில வருடங்களில், எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த மாமாவை மணந்தார். மகள் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், எங்கள் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியை மாற்றுவது பற்றி அரசு கருத்துக் கேட்கும் கூட்டம் வந்தது. தொழிலாளர் பக்கத்தில் பேச ஆள் கேட்டபோது அக்கா மட்டும் கை தூக்கினார். மூன்று பேர் சம்பளமும் அந்த ஒரே கம்பெனியில். "உன் வேலயும் போயி மாமா வேலயும் போய்டும்க்கா. மொதலாளி காசு, இதுல கவர்மென்ட்டுக்கு இன்னா வேல?" என்று சண்டை போட்டேன். மூன்று நாள் பேசவில்லை. ஆனாலும் கூட்டத்துக்குக் கூடவே போனேன்.

அங்கே கம்பெனிப் பக்கத்து அலுவலர் நிதானமாகத்தான் பேசினார். "நாங்க கூலிய ஏத்துனா ஆர்டரு வேற நாட்டுக்குப் போய்டுங்க. அங்க இன்னும் கம்மி. அப்புறம் இந்தப் பொண்ணுங்களுக்கு வேலயே இருக்காது." எல்லோரும் தலையாட்டினார்கள். வெட்கத்தோடு எழுதுகிறேன், நானும் ஆட்டினேன்.

அக்கா எழுந்தார்.

"சார், அந்த நாட்டுலயும் என்ன மாதிரி ஒருத்தி தானுங்க ஒக்காந்து தைக்கிறா? அவளக் காட்டி என்னப் பயமுறுத்துறீங்க. அங்க போயி என்னக் காட்டி அவளப் பயமுறுத்துவாங்க. எல்லா கவர்மென்ட்டும் சேந்து, எந்த ஊரா இருந்தாலும் இதுக்குக் கீழ கூடாதுன்னு சொல்லிட்டா, ஆர்டரு எங்க சார் போவும்?"

கூட்டத்தை நடத்திய அரசு அதிகாரி, "எங்களால இந்த மாநிலத்துக்குத்தாம்மா போட முடியும்" என்றார்.

"அப்போ இங்கருந்து ஆரம்பிங்க சார்" என்றார் அக்கா.

மறுவாரமே அவரை மெஷினிலிருந்து எடுத்துப் பசை தடவும் இடத்தில் நிறுத்தினார்கள். நாள் முழுக்க நின்றபடி வேலை. அந்த நாற்றத்தில் சோறு இறங்காது. ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு ஒருநாள் அரசாணை வந்தது. எல்லோர் கூலியும் ஏறியது. எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று எழுதினால் அக்கா என்னை மன்னிக்க மாட்டார். சில ஆர்டர்கள் போகத்தான் போயின. பக்கத்துக் கம்பெனி ஒன்றை மூடினார்கள். அந்தப் பெண்களை நினைத்து அக்கா அழுதார். "நாம மட்டும் சொன்னா இப்டித்தாண்டி ஆவும். எல்லாரும் சொல்லணும்" என்றார். உலகத்து அரசுகள் எல்லாம் கூடி அப்படிச் சொல்லுமா என்று எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

சென்ற வருடம் சிறுநீரகம் கெட்டு அக்கா வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கல்லூரிக்காக வாங்கிய புது ஷூவோடு மகள் பார்க்க வந்தாள். அக்கா ஒன்றைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார். உள்ளே இருந்த நாட்டின் பெயரை மகள் படித்துக் காட்டினாள், கடல் தாண்டிய ஏதோ நாடு. அக்கா தையலைக் கட்டைவிரலால் தடவினார். "ஒரு எடத்துலயும் கோணல பாரு. நல்லா தச்சிக்கிறா. எவ்ளோ குடுக்குறாங்களோ, பாவம்." அதற்கு மூன்றாம் நாள் எங்களை விட்டுப் போனார்.

கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மலைப்பாதையில் அக்காவை ஊர் கொண்டுவந்து சேர்த்த ஓட்டுநருக்கும், அடக்கத்துக்குத் தோள் கொடுத்த ஊராருக்கும் நன்றி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையேறி வந்த லைன் தோழிகளே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? அன்று நான் மல்லுக்கு நின்ற தோழிதான் அக்காவைக் குளிப்பாட்டினார். அவரிடம் இங்கேயே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

மகள் அந்த ஷூவைத்தான் இன்னும் போட்டுக்கொண்டு போகிறாள். அதைத் தைத்தவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது, இந்த மலரும் அவர் கைக்குப் போய்ச் சேராது. ஆனால் எங்கள் அக்கா கடைசியாகப் பாராட்டியது அவரைத்தான். அம்மா, உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்?