அசையாத பூஜ்யம்

போன வருடம் தீபாவளி முடிந்து வந்த ஒரு திங்கட்கிழமை. காலை ஏழே கால் மணி இருக்கும். ஜோலார்பேட்டையிலிருந்து ஆம்பூருக்கு நான் தினமும் வேலைக்குப் போகிற ரயில், வாணியம்பாடியைத் தாண்டியதும் சிக்னல் கிடைக்காமல் நின்றுவிட்டது.

நான் ஒரு தோல் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். டிப்ளமோ படிப்புதான். நயமாகப் பேச வராது. எழுத்தும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனியில் தோல் கழுவிய தண்ணீர் முதலில் ஒரு ஆழமான தொட்டிக்கு வரும். அதில் விஷவாயு உண்டாகும். நாலு மூச்சு இழுத்தால் ஆள் காலி. இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. அந்த வாயுவை அளக்க ஒரு கருவி இருக்கிறது. அதிலிருந்து வரும் ஒயர் ஒரு பழைய கம்ப்யூட்டரில் சேரும். அதில் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டது நான்தான். வாயுவின் அளவு திரையில் பெரிய எண்ணாகத் தெரியும். எண் ஏறினால் சங்கு ஊதும். தொட்டிக்குள் யாரும் இறங்கக்கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த போர்டுக்குக் கீழேதான் ஏணி இருக்கிறது. பம்ப் அடைத்துக்கொண்டால் திரையைப் பார்ப்பார்கள். பூஜ்யம் என்றால் இடுப்பில் கயிற்றைக் கட்டி ஆளை இறக்குவார்கள்.

கருவி சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் படித்துச் சொல்ல ஒரு சின்ன மென்பொருள் பேக்கேஜ் உண்டு. லினக்ஸோடு இலவசமாக வருவது. அதில் ஒரு கோளாறு இருந்தது. கம்ப்யூட்டர் ஒரு நாள் தாங்கும் பேட்டரி யுபிஎஸ்ஸில் ஓடுகிறது, கருவி நேராக மெயின் கரண்ட்டில். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் கருவி மறுபடி வேலை செய்யும், ஆனால் இந்த பேக்கேஜ் அதைக் கவனிக்காது. கடைசியாகப் படித்த எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

இதை நான் ஆடி மாதமே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்து என்ன கிழித்தேன்? எழுதியவன் எவனோ, அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். எண் சரியாக வந்தது. அன்றிலிருந்து தினமும் ஏழே முக்காலுக்கு, ஷிப்ட் தொடங்கும் முன்னால், அதையே செய்தேன். எங்கள் கம்பெனியில் எல்லாமே இந்த லட்சணம்தான். கதவு சாத்தாத மிஷினுக்கு ஒரு ஆப்பு, ஆடுகிற டிரம்முக்கு ஒரு கட்டை. எதையும் யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். பழகியவன் வந்தால் ஓடும், அவ்வளவுதான். கோளாறு இருந்தால் தெரிவிக்க அந்த லினக்ஸ்காரர்கள் ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். ஒரு மெயில் அனுப்பினால் போதும். நான் அனுப்பவில்லை. அவனவன் வேலையை அவனவன் ஒழுங்காகச் செய்யட்டும் என்ற கொழுப்பு.

எட்டு மணி ஆகியும் ரயில் நகரவில்லை; அப்போது கழிவுநீர்ப் பிரிவு சூப்பர்வைசர் போன் செய்தார்.

"சார், எங்க இருக்கீங்க? பம்ப் அடைச்சிக்கிச்சு. தண்ணி மேல வருது. கையில புடிக்கிற மீட்டர் ரிப்பேருக்குப் போய்ருக்கு. ஸ்கிரீன்ல ஜீரோதான் இருக்குது. ஆள இறக்கிட்றேன். பாரத்துல உங்க கையெழுத்த நானே போட்டுக்கவா?"

வாயுவின் அளவைப் பார்த்ததற்கு அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஜன்னல் வழியாக சிக்னலைப் பார்த்துக்கொண்டே, "போட்டுக்கோப்பா" என்றேன். வைத்துவிட்டார்.

எதிர் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து ஆம்பூர்ல காலைலேர்ந்து கரண்ட்டே இல்லப்பா. துணி தொவைக்க முடியல, ஒண்ணும் முடியல. ஒரே பேஜாரு."

"மாசாமாசம் நிறுத்துறதுதான? உன் வீட்டுக்காரம்மா உன்ன கல்லுல போட்டுத் தொவைச்சிருக்கலாம்."

அவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். நேற்று நாள் முழுக்க கரண்ட் இல்லை. திரையில் இருக்கும் பூஜ்யம் நேற்று கரண்ட் போகும் முன் படித்த பூஜ்யம். இன்று அதை மறுபடி ஓடவிட நான் அங்கே இல்லை. தொட்டித் தண்ணீர் ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்து வாயு கட்டியிருக்கும்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. தொட்டிப் பக்கம் போகிறவர்கள் போனை ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். தீப்பொறி வரக்கூடாது என்று விதி. எனக்குத் தெரிந்த எல்லா போனும் அந்தப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

கேட்டுக்கு அடித்தேன். செக்யூரிட்டி அக்கா எடுத்தார்.

"இன்னா சார், இன்னிக்கு லேட்டா?"

"அக்கா, சைரன அடி."

"எங்க சார் நெருப்பு?"

"நெருப்பு இல்ல. அடி. தொட்டில ஆள் இறங்குறான்."

"நெருப்பு இல்லாம அடிச்சா என் வேலை போய்டும் சார். ஜிஎம் சொல்லணும்."

"அடிக்கலன்னா ஒரு ஆளு போய்டுவான்க்கா."

ரிசீவரை மேஜையில் வைக்கும் ஓசை கேட்டது. அடுத்து சைரன். ரயில் பெட்டியில் பக்கத்தில் இருந்தவர்கள் என் போனைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டது. சைரன் அடித்தால் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு கேட்டுக்கு வர வேண்டும். மாதம் ஒரு முறை பழக்குவார்கள். உள்ளே இறங்கியிருந்தாலும் கயிற்றைப் பிடித்தவர் இழுத்துவிடுவார். இறங்கி மயங்கியிருந்தால்? அவனைத் தூக்க இன்னொருத்தன் இறங்கியிருந்தால்? ரயில் அசையவில்லை. போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அக்கா வந்தார். "வந்துட்டாங்க சார் எல்லாரும்."

"தொட்டிக்காரரு?"

"தெர்ல சார். கும்பலா நிக்கிறாங்க."

"இடுப்புல மஞ்ச கயிறு இருக்கும், பாருக்கா."

"இருங்க." மூச்சு வாங்கும் சத்தம். "கீறாரு சார். கயித்தோட நிக்கிறாரு. இன்னாபா, மாடு மாதிரி வந்துகீறன்னு எல்லாம் சிரிக்கிறாங்க."

நான் ரயில் பெட்டியின் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜிஎம் கத்திக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் மென்பொருளை மறுபடி ஓடவிட்டேன். பூஜ்யம் போய் மூன்று இலக்க எண் வந்தது. சங்கு ஊத ஆரம்பித்தது. ஜிஎம் என் தோளைத் தட்டி, "நல்ல வேளை, கண்டுபுடிச்சீங்க" என்றார்.

தொட்டியில் இறங்க வேண்டியவர் கயிற்றோடு பின்னால் நின்றிருந்தார். பேரணாம்பட்டுப் பக்கத்து ஆள், என் வயதுதான் இருக்கும். "மூணு படி இறங்கிட்டேன் சார்" என்றார். பிறகு, "இது இப்டி நின்னு போவும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தெரியும்" என்றேன்.

"எவ்ளோ நாளா?"

"ஆடிலேர்ந்து."

"ஆடிலேர்ந்து நான் நாலு வாட்டி இறங்கிகீறேன் சார்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. இடுப்புக் கயிற்றை அவிழ்த்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் என்னை அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

அங்கேயே உட்கார்ந்து மெயில் எழுதினேன். முதலில் எழுதியது முழுக்கத் திட்டு. உங்களால் ஒரு ஆள் செத்திருப்பான் என்று தொடங்கினேன். கயிறு எதிரில் கிடந்தது. அழித்துவிட்டேன். எந்தக் கருவி, பேக்கேஜின் எந்தப் பதிப்பு, கரண்ட் போனால் என்ன ஆகிறது, எப்படிச் செய்து பார்த்தால் இந்தக் கோளாறு தெரியும் என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் வரிசையாக எழுதினேன். கடைசியில், இது எனக்கு ஆடியிலிருந்து தெரியும், சொல்லாதது என் தப்பு என்றும் எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது. லினக்ஸ்காரர்களில் ஒருவர், ஏதோ ஒரு நாட்டில் இருப்பவர். தன் வேலை போக மீதி நேரத்தில் சம்பளமில்லாமல் இதைப் பார்க்கிறாராம். அந்த மென்பொருளை உருவாக்கியவர்கள் இந்தக் கோளாறை இரண்டு வருடத்துக்கு முன்பே சரிசெய்துவிட்டார்கள். ஆனால் லினக்ஸோடு சேர்த்து வருகிற பேக்கேஜில் இன்னும் பழைய பதிப்பே இருக்கிறது. அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் விலகிவிட்டார். யாரிடமிருந்தும் புகார் வராததால் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று லினக்ஸ்காரர்கள் நினைத்துவிட்டார்கள். "என்னிடம் அந்தக் கருவி இல்லை. புதிய பதிப்பைத் தயார் செய்து தந்தால் சோதித்துச் சொல்வீர்களா?" என்று கேட்டிருந்தார்.

அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. மருந்து இரண்டு வருடமாகத் தயாராக இருந்திருக்கிறது. நோய் இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

சோற்று நேரத்தில் கருவியின் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிச் சோதித்தேன். அவர் முதலில் அனுப்பியது வேலை செய்யவில்லை. இல்லை என்று எழுதினேன். இரண்டாவது வேலை செய்தது. கருவி நின்றால் இப்போது பூஜ்யம் காட்டாது, தகவல் இல்லை என்று சிவப்பில் காட்டிச் சங்கு ஊதும். சில வாரத்தில் அது எல்லோருக்கும் அப்டேட்டில் வந்தது. என் புகாருக்குக் கீழே வேறு ஒரு நாட்டுக்காரர் எழுதியிருந்தார். சாண எரிவாயு ஆலையில் வேலை செய்பவராம். 'நாங்களும் தினமும் காலையில் இதை நிறுத்தித்தான் ஓடவிடுகிறோம்.' அந்த வரியை நான் பல முறை படித்தேன்.

செக்யூரிட்டி அக்காவுக்கு மெமோ கொடுக்கப் பார்த்தார்கள். என் பெயரையும் போட்டுக் கொடுங்கள் என்றேன். கிழித்துவிட்டார்கள். இப்போது தொட்டி அடைத்துக்கொண்டால் உறிஞ்சும் லாரி வருகிறது, ஏணியை எடுத்துவிட்டார்கள். அந்தக் கயிறு மட்டும் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. எந்த மென்பொருளாவது மக்கர் செய்து, நிறுத்தி ஓடவிட என் கை தானாகப் போகும்போதெல்லாம் அந்தக் கயிறு கண்ணில் படுகிறது. முதலில் என்ன கோளாறு என்று எழுதி அனுப்பிவிட்டுத்தான் இப்போதெல்லாம் மறுபடி ஓடவிடுகிறேன்.