சார்ஜனின் சப்பாத்து

அந்தப் போலீஸ் சார்ஜனுக்குச் சாயம் பூசிய மீசை, சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிடும் தொப்பை. நின்ற இடத்திலேயே கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கி, சப்பாத்து முனையை மறுகாலின் கால்சட்டையில் தேய்த்துப் பளபளப்பாக்குவார்.

தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் உர மூட்டைகள் காணாமல்போய், என்னைப் பிடிக்க வீட்டுக்கு வந்தபோதும் தேய்த்தார்.

"அன்னிக்கு நான் திரிங்காப் ஊர்ல லோரி ஓட்டிக்கிட்டிருந்தேன் சார். முதலாளியைக் கேளுங்க."

"வாயை மூட்றா."

சப்பாத்துக் காலோடு சாமி அறைக்குள் போய், விளக்கை எத்திவிட்டுத் தேடினார். நான்கு நாள் லாக்கப்பில் கிடந்தேன். உண்மையான திருடன் அகப்பட்டதும், "போ" என்றார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

ஈப்போ வக்கீலை வைத்து வழக்குப் போட்டேன். நோட்டீஸ் போன மறுவாரம் சார்ஜன் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றார். தொப்பை இடிக்கக் குனிந்து, சப்பாத்தைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஏதோ மிஸ்டேக் ஆயிருச்சு லா, தம்பி. நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு கோர்ட்டு? எனக்கு பென்ஷன் வர்ற நேரம். கேஸை வாபஸ் வாங்கிக்க."

"முடியாது சார். சப்பாத்தை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

சாமி அறை மரியாதை ஒன்றும் தெரியாத முரடன் என்று நினைத்து, விளக்கு விஷயத்தை மட்டும் நான் வழக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். அவர் தலை மறைந்ததும் வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"அந்த விளக்கையும் எழுதிக்குங்க சார். அந்த ஆளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."